இழுக்காமல் விட்ட மூன்றாவது வலை

பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கிற பசியாவரத்துக் கோதண்டம் 2017ஆம் ஆண்டு நவம்பர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, அதிகாலை நான்கு நாற்பதுக்குச் சென்னைக்கு வெளியே ஒரு சினிமா செட்டில் இறந்துபோனான். அன்று காலை ஏழரை மணிப் படகில் ஊருக்கு வந்து, நண்டுக் குழம்பு ஊற்றி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டு, பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் தின விழாவில் பெஞ்சு மேலிருந்து விழுந்து காட்டி, பிற்பகல் மூன்று பத்து வரை வீட்டில் இருந்தான். முதல் தகவலுக்கு ஆஸ்பத்திரிச் சான்றிதழ் இருக்கிறது. இரண்டாவதற்குப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அவன் கையெழுத்து இருக்கிறது; ஆசிரியை எப்சிபா பக்கத்திலேயே நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறார், பத்து நாற்பது. இரண்டு தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. பார்த்துவிட்டு, சரி என்று மடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஊரில் யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. அந்த நாள் ஊருக்கு எப்படிக் கிடைத்தது என்பதிலும் சந்தேகம் இல்லை. கோதண்டத்தின் கூட்டாளி சம்பந்தம், சாவுச் செய்தியைப் பத்து மணி நேரம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டான், அதனால் கிடைத்தது என்று எல்லோரும் நம்பினார்கள். அவன் ஏன் பூட்டி வைத்தான் என்பது மட்டும் சம்பந்தத்துக்குத்தான் தெரியும். அவன் நான்கு வருடம் வாயைத் திறக்கவில்லை.

கோதண்டம் சினிமாவில் அடி வாங்குகிறவன். 1998இல் படகுச் சண்டை ஒன்றை எடுக்க ஒரு கம்பெனி பழவேற்காட்டுக்கு வந்திருந்தது. கதாநாயகனுக்கு டூப் போட வந்தவர் ஏரியைப் பார்த்ததும், தண்ணீரில் விழுவதைப் பற்றித் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். விழுவதற்கு ஆள் வேண்டும் என்று துறையில் கேட்டார்கள். கோதண்டத்துக்கும் சம்பந்தத்துக்கும் அப்போது பத்தொன்பது வயது. இரண்டு பேரையும்தான் கூப்பிட்டார்கள். சம்பந்தத்துக்கு அன்று ஏரியில் மீன்பிடி முறை, வலையை விட்டுவிட்டு வர முடியாது என்றான். கோதண்டம் மட்டும் போய்ப் பதினான்கு முறை விழுந்தான். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே விழுந்ததால் பதின்மூன்று முறை கட் சொன்னார்கள். சாயங்காலம் அவர்கள் வேன் கிளம்பியபோது அவனும் அதில் இருந்தான். அதன்பின் பத்தொன்பது வருடம் மாடியிலிருந்தும், மோட்டார் பைக்கிலிருந்தும், ஒரு முறை யானையிலிருந்தும் விழுந்தான். தமிழ்நாட்டில் அவன் முதுகைப் பார்க்காதவர்கள் குறைவு. முகத்தைப் பார்த்தவர்கள் பசியாவரத்துக்காரர்கள் மட்டும்தான். டிவியில் படம் ஓடும்போது ஊர்க்குழந்தைகள் கதாநாயகனைப் பார்ப்பதில்லை. இடது பக்கத்திலிருந்து இரண்டாவதாக ஓடிவந்து, பானைக் கடைக்குள் போய் விழுகிறவனைத்தான் பார்ப்பார்கள்; விழுந்ததும் கை தட்ட வேண்டும் என்பது அவனே போட்ட சட்டம்.

ஊருக்கு வரும்போதெல்லாம் படகிலிருந்து அவன் மனிதர்களைப் போல இறங்கியதே கிடையாது. துறை நெருங்கியதும் எங்கிருந்தோ குண்டு பாய்ந்ததுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, யாராவது ஒரு கிழவரிடம் கடைசி வார்த்தை சொல்லிவிட்டு, தண்ணீரில் சாய்ந்துவிடுவான். படகோட்டி வின்சென்ட் திட்டுவான், பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள், அவன் மூன்று ஆள் தூரத்தில் போய் எழுந்து கும்பிடுவான். 2014இல் ஒரு கண்ணாடிக் கூரையிலிருந்து விழுந்ததில் இடது காலுக்குள் கம்பி வைத்தார்கள். அதன்பின் காலை இழுத்துத்தான் நடந்தான், ஆனால் சாய்வதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு படத்திலும் சாகும் காட்சி முடிந்ததும் சம்பந்தத்துக்கு போன் செய்வது அவன் வழக்கம். "மச்சி, இன்னிக்கும் செத்துட்டேன்டா" என்றுதான் ஆரம்பிப்பான். ஒருநாள் ஹீரோ கையை ஓங்கிய காற்றிலேயே செத்தேன் என்பான். இன்னொரு நாள் ஒரே படத்தில் மீசையை மாற்றி மாற்றி மூன்று தரம் செத்தேன் என்பான். ஒரு படத்தில் இடைவேளைக்கு முன் செத்து, ஆள் பற்றாமல் போனதால் இடைவேளைக்குப் பின் தன் பாடையைத் தானே தூக்கினானாம். வெயிட்டே இல்லடா, சோறு போடுறாங்களா இல்லையானு எனக்கே சந்தேகமா போச்சு என்றான். சம்பந்தம் இதையெல்லாம் படகில் கூட வரும் மச்சினன் கருப்பனிடம் சொல்வான். இரண்டு பேரும் வலையைப் பிடிக்க முடியாமல் சிரிப்பார்கள். இப்படி முந்நூறு சாவுக்குக் குறையாது.

இனி ஏரியின் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் நினைத்தவன் நினைத்த நாளில் வலை கட்டிவிட முடியாது. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவனுக்குப் பாடு வந்தால் விடியற்காலையிலிருந்து பொழுது சாயும் வரை அந்த இடம் அவனுடையது. தவறவிட்டால் பதிலுக்கு வேறு நாள் கொடுக்கமாட்டார்கள். சுற்று முடிந்து பெயர் மறுபடி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஊர்க்காரர் ஒருவர் செத்துவிட்டால், செய்தி வந்த நிமிடத்திலிருந்து அடக்கம் முடியும்வரை யாரும் ஏரியில் இறங்கக் கூடாது, இறங்கியவனும் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட வேண்டும். ஊரில் செத்தாரா வெளியூரில் செத்தாரா என்ற பேச்சுக்கு இடமில்லை. செய்திதான் முக்கியம். செய்தி வந்தால் தொழில் நிற்கும். செய்தி வராத வரைக்கும் பசியாவரத்தைப் பொறுத்தவரை யாரும் சாகவில்லை.

அந்த வருடம் சம்பந்தத்தின் பாடு இரண்டு சுற்று வீணாய்ப் போயிருந்தது. முதல் தடவை புயல் எச்சரிக்கை. இரண்டாவது தடவை தெருக்கோடி வீட்டில் ஒரு சாவு. பாதி வழி போனவன் படகைத் திருப்பிக்கொண்டு வந்து பாடைக்குத் தோள் கொடுத்தான். அவன் புதிதாகக் கட்டிய வலை இரண்டு மாதமாகத் தண்ணீர் படாமல் கிடந்தது. மூன்றாவது சுற்றில் அவன் பெயர் நவம்பர் பதினான்குக்கு வந்தது. மழை பெய்து முகத்துவாரம் திறந்து, வாடைக்காற்று எழும்பி, இறால் ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. காலை ஐந்து பத்துக்கு முழங்கால் தண்ணீரில் நின்று படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். கருப்பன் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது. பேசியது பிரபாகரன் என்ற இன்னொரு ஸ்டண்ட்காரன். தனக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்கும் இடத்திலெல்லாம் கோதண்டம் மனைவி இந்திராணியின் எண்ணைத் தராமல் சம்பந்தத்தின் எண்ணைத்தான் எழுதியிருந்தான். அவள் பயந்துவிடுவாள், இவன் திட்டிவிட்டு வருவான் என்று காரணம் சொல்வான். பிரபாகரன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கயிறு, உயரம், டாக்டர் சொன்ன நேரம். சம்பந்தம் சரி, சரி என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனை அணைத்தான்.

"யாரு மாமா, காலங்காத்தால?" என்று கருப்பன் கேட்டான்.

"நம்ம கோதண்டம்தான். இன்னிக்கும் செத்துட்டானாம்."

கருப்பன் சிரித்தான். இன்னிக்கு யாரு அடிச்சாங்களாம் என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தான். சம்பந்தமும் சிரித்தான். பிறகு படகில் ஏறி எஞ்சினைக் கிளப்பினான். இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக எழுதி வைப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் ஊர் அவனுக்காக எத்தனையோ காரணங்களைத் தேடிப் பிடித்தது. அவன் வீட்டில் அன்று அரிசி இருந்தது. யாருக்கும் காய்ச்சல் இல்லை. மனைவி சாமுண்டீஸ்வரி எதுவும் வாங்கித்தரச் சொல்லிக் கேட்டிருக்கவில்லை. தண்ணீர் படாத ஒரு வலை இருந்தது, காற்று நன்றாக இருந்தது, இறால் ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் மூன்றாவது பாடும் போய்விடும். அதனால் அவன் வாயைத் திறக்கவில்லை. அதைவிடக் கேவலம், வாயைத் திறந்து உண்மையையே சொன்னான், கூட்டாளியின் விளையாட்டைக் கடன் வாங்கி அதை மறைத்தான்.

முகத்துவாரத்தில் கழிகளை நட்டு வலை கட்டினார்கள். முதல் வலை இழுத்தபோது மணி ஒன்பதரை. உள்ளங்கை நீளத்துக்கு இறால், வலை தாங்கவில்லை. கருப்பன் தன் வாழ்நாளில் அப்படிப் பார்த்ததில்லை என்று இன்றைக்கும் சொல்கிறான். இரண்டாவது வலை ஒன்றரை மணிக்கு. அது முதலாவதை விட அதிகம். சம்பந்தத்தின் கைதான் இழுத்ததே தவிர, காலையில் சிரித்த சிரிப்பு அவனை விடவில்லை. கொண்டுபோன கூழை அப்படியே தண்ணீரில் கொட்டினான். பொழுது சாய இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. மூன்றாவது வலைக்குள் இறால் குதிப்பது மேலேயே தெரிந்தது. அப்போது அதை இழுக்க அவனுக்கு மனசு வரவில்லை. வலையை அப்படியே விட்டுவிட்டுப் படகைத் திருப்பினான். கருப்பன் கத்தினான், இவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அதே நேரத்தில் ஊரில் நடந்ததைப் பன்னிரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள், ஒன்றுக்கொன்று அதிகம் வித்தியாசமில்லை. ஏழரை மணிப் படகில் கோதண்டம் வந்தான். துறை நெருங்கியதும் வழக்கம்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். தண்ணீர் தெறிக்கவில்லை, சத்தமும் வரவில்லை, எழுந்தபோது சட்டை நனைந்திருக்கவில்லை. புதுசா ஏதோ வித்தை கற்றுக்கொண்டு வந்திருக்கிறான் என்று வின்சென்ட் நினைத்தான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான். ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்தான்; அது இன்றுவரை ஒழுகவில்லை. மகள் தேவதர்ஷினிக்குக் குழந்தைகள் தினத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான், அதனால் பள்ளிக்கூடம் போனான். அங்கே பெஞ்சு மேலே ஏறி நின்று, வில்லன், ஹீரோ, ஹீரோவின் அம்மா மூன்று பேராகவும் பேசி, மூன்று பேராகவும் செத்து விழுந்தான். எப்சிபா டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தேவதர்ஷினிக்கு அப்போது பதினோரு வயது. நைனா விழும்போது பெஞ்சுப் பலகை ஆடவே இல்லை என்பதை அவள் மட்டும் கவனித்திருக்கிறாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, கூடியிருந்தவர்களுக்குக் குதிரைக் கதை சொல்ல ஆரம்பித்தான். ராஜா காலத்துப் படம், குதிரை இவனை மிதித்துக் கொல்ல வேண்டும், நான்கு டேக் எடுத்தும் குதிரை மிதிக்க மறுக்கிறது. டைரக்டர் குதிரையின் காலில் விழாத குறை. மூன்று ஒன்பதுக்குச் சம்பந்தத்தின் படகு துறையில் முட்டியது. "அஞ்சாவது டேக்குல அந்தக் குதிரை இன்னா பண்ணுச்சுன்னா" என்று கோதண்டம் கையைத் தூக்கினான். மூன்று பத்துக்குத் துறையில் நின்றிருந்தவர்களிடம் சம்பந்தம், கோதண்டம் செத்துட்டான் என்று சொன்னான். பாயின் மேல் யாரும் இல்லை. வெற்றிலைத் தட்டு இருந்தது.

பிணம் மறுநாள் வந்தது. ஆம்புலன்ஸில் பழவேற்காடு வரை, அங்கிருந்து வின்சென்ட்டின் படகில். துறையில் இறக்கும்போது அது சாய்ந்து விழாமல் ஒழுங்காக இறங்கியதைப் பார்த்துத்தான் பெண்கள் முதல் முதலாக அலறினார்கள். குளிப்பாட்டும்போது வலது கையைச் சம்பந்தம்தான் பிடித்துக்கொண்டிருந்தான். பிரேதம் ஒரு பகலும் ஒரு இரவும் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை என்று கூடவே இருந்த பிரபாகரன் சொன்னான். ஆனால் அந்த விரல்களில் நண்டுக் குழம்பின் வாசனை இருந்தது. ஊர் முழுக்கப் பார்த்துச் சிரித்த கோதண்டத்தை, அந்தப் பகலில் பார்க்காதவர்கள் படகில் இருந்த தானும் கருப்பனும் மட்டும்தான் என்று சம்பந்தத்துக்கு அந்த வாசனையில்தான் உறைத்தது. சோப்பை இரண்டு முறை போட்டான். வாசனை போகவில்லை, அப்படியே அடக்கம் செய்தார்கள்.

காலையில் ஐந்து பத்துக்கே சம்பந்தத்துக்கு போன் செய்துவிட்டேன் என்று பிரபாகரன் பேச்சுவாக்கில் சொன்னதும் ஊர் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தது. சம்பந்தம் செய்தியைச் சொல்லவில்லை. சொல்லாததால் கோதண்டம் சாகவில்லை. சாகாததால் வீட்டுக்கு வந்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும், பெண்டாட்டி கையால் ஒருவேளை சாப்பிட வேண்டும் என்று சம்பந்தம்தான் அவனுக்கு வழி விட்டிருக்கிறான். தன் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஏரிக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறான். கருப்பன் இதற்குச் சாட்சி சொன்னான்: மாமா அன்னிக்குக் கண்ணுல தண்ணி நிக்க நிக்கச் சிரிச்சாரு, எனக்கு அப்பவே மனசுல இன்னாவோ பட்டுச்சு. உண்மையில் அவன் கண்ணில் தண்ணீர் எதுவும் இல்லை. பதினாறாம் நாள் காரியத்தில் ஊர்ப் பஞ்சாயத்து சம்பந்தத்துக்குத் துண்டு போர்த்தியது. கோதண்டம் போட்ட சட்டப்படி எல்லோரும் கை தட்டினார்கள். இவன் எதையோ சொல்ல எழுந்தான். பார், பேச்சே வரவில்லை, அவ்வளவு பாசம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். குதிரை என்ன செய்தது என்று பிரபாகரனைக் கேட்டார்கள். அந்தப் படத்தில் தான் இல்லை என்றான். குதிரையும் செத்ததுபோல் பக்கத்தில் படுத்துக்கொண்டது என்று ஊரில் ஒரு கட்சி, வெட்கப்பட்டுத் திரும்பிப்போனது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் அதற்குமேல் ஆதாரம் கிடைக்கவில்லை.

அந்த நாளின் இறாலை என்ன செய்வதென்று சம்பந்தத்துக்குத் தெரியவில்லை. விற்கவும் கூடாது, தின்னவும் முடியாது. வீட்டுக்குப் பின்னால் மணலில் குழி தோண்டிப் புதைத்தான். அது அழுகவில்லை. மழையில், வெயிலில், பொங்கலுக்கு, ஆடிக்கு, எப்போது போய் நின்றாலும் அப்போதுதான் வலையிலிருந்து எடுத்ததுபோல வாசனை வரும். ஊர்ப் பூனைகள் அந்த இடத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும், ஒன்றுகூடத் தோண்டாது. தோண்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். சாமுண்டீஸ்வரி விரட்டிப் பார்த்து அலுத்துப்போனாள். அவன் டிவி பார்ப்பதை விட்டான். பழைய படங்களில் கோதண்டம் பானைக் கடைக்குள் விழும்போது, கேமராவைப் பார்த்து ஒரு நொடி கண்ணடிப்பதாக அவனுக்குப் பட்டது. மற்றவர்களுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. தெருவில் நடந்தால் பெண்கள் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள். அவனை யாராவது பிடித்து நன்றாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பான். ஒருவரும் திட்டவில்லை. ஊர் கொடுக்கிற மரியாதையைச் சுமந்து சுமந்து நாற்பத்திரண்டு வயதில் அவனுக்கு முதுகு வளைந்துவிட்டது.

2021 நவம்பர் பதினான்காம் தேதி பள்ளி விழாவில் தேவதர்ஷினியைப் பேசச் சொன்னார்கள். பதினைந்து வயதாகி வெளியூரில் படித்துக்கொண்டிருந்த பெண், இதற்காகவே ஊருக்கு வந்திருந்தாள். எங்கள் நைனாவைப் பத்து மணி நேரம் உயிரோடு வைத்திருந்தது சம்பந்தம் மாமாதான், எனக்கு இரண்டு அப்பா என்று அவள் சொன்னாள். சம்பந்தம் கூட்டத்திலிருந்து எழுந்து நேராக இந்திராணி வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் உட்கார்ந்து கத்தியும் கையுமாகக் காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

"நான் அவனுக்காகப் போகல தங்கச்சி. எறாவுக்காகத்தான் போனேன். கருப்பன் யாருன்னு கேட்டான். கோதண்டம் இன்னிக்கும் செத்துட்டானாம்னு சொல்ட்டு, சிரிச்சேன்மா. அவன் செத்துட்டான்னு தெரிஞ்சே சிரிச்சேன்."

இந்திராணியின் கை நிற்கவில்லை. நான்கைந்து மீன் ஆய்ந்த பிறகு, தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அன்னிக்கு அவரு வந்ததுமே பார்த்தேன். காலு நேரா இருந்துச்சு. சாப்பிடறப்போ முழங்காலுக்குக் கீழ தொட்டுப் பார்த்தேன், கம்பி இல்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுணா. கேட்டா போயிடுவார்னு கேக்கல. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டானுதான் கேட்டேன். நீ மட்டுமா வாய மூடிக்கினு இருந்த?"

சம்பந்தத்துக்கு நான்கு வருடத்தில் முதல் முறையாக மூச்சு வந்தது. வந்த மூச்சில், தனக்காகச் சொல்லிக்கொள்ளத் தன்னிடம் இருந்த ஒரே விஷயத்தையும் சொன்னான்.

"ரெண்டு வலைதான்மா இழுத்தேன். அவ்ளோ கெட்டவன் இல்ல நான். மூணாவது வலையில எறா குதிக்குது, பொழுது கிடக்குது. மனசு வரல. அப்படியே விட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

அப்போதுதான் இந்திராணி கத்தியைக் கீழே வைத்தாள். சாவு வீட்டில்கூட அவள் முகம் அப்படி ஆனதில்லை.

"ஏன்ணா வந்த? பொழுது சாயற வரைக்கும் உன் பாடுதானே? எறாவுக்குத்தானே போன? போனவன் அந்த மூணாவது வலையையும் இழுத்துட்டு வந்திருக்கக் கூடாதா? இருட்டற வரைக்கும் இருந்திருப்பாரே! அந்தக் குதிரை இன்னா பண்ணுச்சுன்னாவது எனக்குத் தெரிஞ்சிருக்குமே!"

நான்கு வருடமாகத் தன் பாவத்துக்கு நடுவில் ஒரே ஒரு நல்ல காரியம் என்று அவன் பத்திரமாக வைத்திருந்தது அந்த மூன்றாவது வலைதான். அதையும் அவள் எடுத்துக்கொண்டாள். அவன் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து மிச்சமிருந்த காரப்பொடியை ஆய்ந்து கொடுத்தான். இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனான். ஊருக்கு அவள் எதுவும் சொல்லவில்லை. அவனே அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்தில் எழுந்து சொன்னான். துண்டைத் திருப்பிக் கொடுத்தான். பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். துண்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள், திட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், அப்போ இன்னும் ரெண்டு மணி நேரம் கிடைச்சிருக்கும்ல என்று மட்டும் கேட்டார்.

இதற்குள் ஊர்த் தாய்மார்கள் ஒரு வேலை செய்திருந்தார்கள். எண்ணூர்ப் பக்கமும் ஆரம்பாக்கத்துப் பக்கமும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரிடமும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டால் சம்பந்தத்தின் எண்ணை எழுதிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். 2022 மார்ச்சில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. கிரேன் ஓட்டப் போயிருந்த சுபாஷின் சாவுச் செய்தி. சம்பந்தத்துக்கு அன்று பாடு இல்லை. போனை அணைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல், வலையை எடுக்காமல், கருப்பனையும் கூப்பிடாமல் படகைத் தள்ளிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனான். அங்கே கழி ஒன்றில் படகைக் கட்டிவிட்டு, அந்தச் செய்தியோடு தனியாகப் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தான். சுபாஷ் எட்டு மணிப் படகில் கையில் ஒரு தர்பூசணியோடு வந்து இறங்கினான். அம்மாவின் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தான், தம்பியோடு கேரம் ஆடித் தோற்றான், சாயங்காலம் ஆறு இருபதுக்கு விளக்கு வைக்கும்போது இல்லாமல் போனான். சொல்ல ஆரம்பித்த எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான் என்று அவன் அம்மா சொன்னாள். அடுத்த மாதம் பஞ்சாயத்து ஊர்க் கட்டுப்பாட்டு நோட்டில் ஒரு வரி சேர்த்தது: சாவுச் செய்தி தெரிந்த ஒருவன் மட்டும், வலையில்லாமல், பொழுது சாயும் வரை ஏரியில் இருக்கலாம். வலைக்கண் எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்ற விதிக்கும், குடித்துவிட்டுப் படகு ஓட்டுவது பற்றிய விதிக்கும் நடுவில் அது இருக்கிறது.

இதுவரை ஏழு முறை போயிருக்கிறான். ஐந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள், இரண்டு பேர் வரவில்லை. வராததில் ஒருவர் வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். இன்னொருவர் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. அதற்காக யாரும் சம்பந்தத்தைக் குறை சொல்லவில்லை. வந்த ஐந்து பேரில் ஒருவரையும் அவன் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்கப்போவதில்லை. அவன் ஏரியில் இருந்தால்தான் அவர்கள் ஊரில் இருக்க முடியும். வீட்டுக்குப் பின்னால் இறால் வாசனை இன்னும் வருகிறது. பூனைகளும் இருக்கின்றன. இப்போது பழவேற்காட்டுக்குப் பாலம் வந்துவிட்டதால் இறந்தவர்களில் சிலர் ஆட்டோவில் வருகிறார்கள். தன் சொந்த அவசரத்துக்குச் சம்பந்தம் கருப்பனின் எண்ணை எழுதி வைத்திருப்பதாகக் கேள்வி.

காலையில் சம்பந்தத்தின் படகு வலையில்லாமல் போவதைப் பார்த்தால் பசியாவரத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. எந்த வீடு என்று தெரியாததால், வெளியூரில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் அன்று ஒரு படி அரிசி கூடுதலாகப் போடுகிறார்கள். இந்திராணியும் போடுகிறாள், அவளுக்கு வெளியூரில் இருப்பது மகள் மட்டும்தான் என்றாலும். அவன் கூழ்கூடக் கொண்டுபோவதில்லை. மேற்கே வெளிச்சம் முழுவதும் போய், துறையில் எந்த வீட்டு விளக்கு எது என்று தெரிய ஆரம்பித்த பிறகுதான் கழியிலிருந்து படகை அவிழ்க்கிறான். ஒரு நாள்கூட அவன் முன்னதாக வந்ததில்லை.